நின்ற இடத்திலேயே ஓடிய மோட்டார்

எங்கள் தோட்டத்தில் இரண்டு கார்கள் இருந்தன. ஒன்று வெள்ளைக்காரத் துரையுடையது. மற்றது கூலியாட்களை வேலை வாங்கும் பெரிய கங்காணியுடையது. துரையின் கார் ஓடுவதற்காக வாங்கப்பட்டது. பெரிய கங்காணியின் கார் நிற்பதற்காக வாங்கப்பட்டது. அந்த இரண்டாவது காருக்கு நான் நான்கு வருஷம் டிரைவராக இருந்தேன். அதனால் இதைத் தைரியமாகச் சொல்கிறேன். மற்றபடி தைரியம் எனக்குப் பழக்கமில்லாத சாமான். கடைக்குப் போனால்கூட எனக்குப் பின்னால் வந்தவர்கள் எல்லோரும் வாங்கிக்கொண்டு போன பிறகுதான் என் வாய் திறக்கும்.

மலாக்கா பக்கத்தில் செங் என்ற ஊரைத் தாண்டி உள்ளே போகும் செம்மண் ரோட்டில் இருந்தது எங்கள் தோட்டம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் நடுவில் ரப்பர் விலை ஏறியது. கங்காணிமார் சிலர் தங்கப் பல் கட்டிக்கொண்டார்கள், சிலர் ஊரில் நிலம் வாங்கினார்கள். எங்கள் பெரிய கங்காணி கார் வாங்கினார். மலாக்கா டவுனில் ஒரு வெள்ளைக்காரர் ஓட்டிக் களைத்துப்போய் விற்ற பழைய வண்டி. மேலே கித்தான் கூரை, முன்னால் பித்தளை விளக்கு. மோட்டாரைக் கிளப்ப வேண்டுமென்றால் முன்னால் போய்க் குனிந்து, இரும்புக் கைப்பிடியை மாட்டிச் சுழற்ற வேண்டும்.

இந்தக் குனிகிற விஷயம் கங்காணிக்குப் பிடிக்கவில்லை. "என் ஆளு எனக்குக் குனியலாம், சாமிக்குக் குனியலாம். வண்டிக்கு எதுக்குடா குனியறே?" என்றார். ஒரு நாளைக்கு ஒரு முறை, அதுவும் விடிவதற்கு முன்னால் யாரும் பார்க்காதபோது குனிந்து கிளப்பிவிட வேண்டும், அதற்குப் பிறகு நிறுத்தக் கூடாது என்பது உத்தரவு.

இன்னொரு காரணமும் இருந்தது. அதுதான் பெரிய காரணம். தோட்டத்தில் காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிடுவதைப் பெரட்டு என்போம். துரை பெரட்டுக்குக் காரில் வருவார். இறங்கமாட்டார். மோட்டாரையும் நிறுத்தமாட்டார். கணக்கெழுதும் கிராணி பெயர் கூப்பிட்டு முடிக்கிற வரைக்கும் அது பட்பட்டென்று ஓடிக்கொண்டிருக்கும். பிறகு துரை போய்விடுவார். அவருக்குத் தோட்டத்தின் அடுத்த டிவிஷனுக்குப் போகிற அவசரம். ஆனால் பத்து வருஷம் அந்தப் புகைக்கு முன்னால் கைகட்டி நின்ற பெரிய கங்காணி வேறு முடிவுக்கு வந்திருந்தார். அதிகாரம் என்பது அந்தச் சத்தம்தான் என்று நினைத்துவிட்டார். துரையின் மோட்டார் ஐந்து நிமிஷம் நின்றபடி ஓடியது. துரைக்குப் போக வேறு இடம் இருந்தது. எங்கள் கங்காணிக்குப் போக இடமே இல்லை. அதனால் எங்கள் மோட்டார் நாள் முழுக்க ஓடியது.

"வண்டி நிக்கலாம்டா. மோட்டாரு நிக்கக் கூடாது," என்றார் முதல் நாளே. "வெளியாளுங்க முன்னாடி ஒரு தடவ நின்னுச்சு, மறுநாள் காலையில நீ தொப்பியக் கழட்டி வச்சிட்டுப் பால் வெட்டுற கத்தியோட பெரட்டுல நிப்ப. தெரிஞ்சிச்சா?"

தெரிந்தது. பன்னிரண்டு வயதிலிருந்து ரப்பர் மரத்தில் பால் வெட்டியவன் நான். கொசுவும் மழையும்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பெரட்டில் பெயர் கூப்பிடும்போது நூறு பேர் நடுவில் "இருக்கேங்க" என்று குரல் கொடுக்க வேண்டும். எனக்கு அதுதான் ஆகாத காரியம். காரில் அந்தத் தொல்லை இல்லை. எல்லோருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு உட்காரலாம். யாரும் பதில் எதிர்பார்க்கமாட்டார்கள். உலகத்தில் எனக்கென்று செய்து வைத்த இடம் அந்த ஸ்டீயரிங்குக்குப் பின்னால் இருந்த கிழிந்த தோல் சீட்டு ஒன்றுதான். அதை விட எனக்கு மனசில்லை.

ஆகவே ஓடவிட்டேன். கங்காணி முகம் வழித்துக்கொள்ளும்போது ஓடியது. கோயிலில் சாமி கும்பிடும்போது ஓடியது. பூசாரி மந்திரத்தைக் கத்திச் சொல்லப் பழகிக்கொண்டார். மலாக்கா பசாரில் புடவைக் கடைக்குப் போனால், வெயிலானாலும் மழையானாலும் கடை வாசலில் ஓடியது. கடை முதலாளியான முஸ்லிம் பெரியவர் ஒரு முறை கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே வந்தார்.

"கங்காணியாரே, வண்டிய கொஞ்சம் அந்தாண்ட நிறுத்தச் சொல்லுங்களேன். நான் வெள்ள வேட்டி விக்கிறவன். சாயங்காலம் பாத்தா எல்லாம் சாம்ப வேட்டியா இருக்கு."

திரும்பி வரும்போது கங்காணி என்னிடம் சொன்னார்: "பாத்தியா? வண்டி வந்திருக்குன்னு மொதலாளியே வாசலுக்கு வந்துட்டாரு லா."

இதைவிடப் பெரிய காரியம் ஒன்றையும் அவர் கண்டுபிடித்தார். மோட்டார் சத்தம் கேட்டால் ஆட்கள் வேலை செய்கிறார்கள், அப்படியானால் தான் இருக்கவே தேவையில்லை. காலை ஒன்பது மணிக்குப் பால் வெட்டு நடக்கும் வெட்டுக்காட்டு ஓரத்தில் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தி ஓடவிடச் சொல்வார். பின் சீட்டில் சாய்ந்து தூங்கிவிடுவார். ஆட்களை அவருக்குப் பதிலாக மோட்டார் மேய்த்தது. ஒரு வாரம் எல்லோரும் பயந்து பயந்து மரத்துக்கு மரம் ஓடினார்கள். எட்டாம் நாள் ஒரு பெண்பிள்ளை பால் வாளியோடு வண்டிக்குப் பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

"என்னடி, கங்காணி முழிச்சிருக்காரா?" என்று மரங்களுக்குள்ளிருந்து ஒருத்தி கேட்டாள்.

"அவரு தூங்குறாரு. மோட்டாரு கொறட்ட வுடுது."

சிரிப்பு ஒரு வரிசையிலிருந்து அடுத்த வரிசைக்குப் போய், மேடு ஏறி, அந்தப் பக்கம் இறங்கியது. கங்காணி விழித்துக்கொண்டு, "என்னடா சத்தம்?" என்றார். "ஒண்ணுமில்லீங்க" என்றேன். அன்றைக்கு நான் பேசிய இரண்டாவது வார்த்தை அது.

நின்றபடி ஓடுவது மோட்டாருக்கு என்ன செய்யும் என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ஞாயிற்றுக்கிழமை தோறும் கழற்றித் துடைத்தவன் நான், அதனால் என் கைக்குத் தெரிந்தது. ஓடுகிற வண்டிக்கு முன்னாலிருந்து காற்று அடித்துத் தண்ணீர்ப்பெட்டி ஆறும். நிற்கிற வண்டிக்குக் காற்று ஏது? அரை மணியில் கொதிக்க ஆரம்பிக்கும். நான் எப்போதும் காலுக்கடியில் இரண்டு மண்ணெண்ணெய் டின் தண்ணீர் வைத்திருப்பேன். மெதுவாக ஓடும் மோட்டாருக்குள் பெட்ரோல் முழுதும் எரியாது. எரியாத மிச்சம் கரியாகிப் பிளக்கில் அடை அடையாக ஒட்டும். சட்டியின் அடியைச் சுரண்டுகிற மாதிரி சுரண்டி எடுப்பேன். கரியாகாத மிச்சம் வழிந்து கீழே எண்ணெயில் கலக்கும். தேன் மாதிரி இருக்க வேண்டிய எண்ணெய் ரசம் மாதிரி இருக்கும், மோந்தால் பெட்ரோல் வாசம் வரும். அந்த எண்ணெயை நம்பித்தான் உள்ளே இரும்பும் இரும்பும் உரசுகின்றன. மைல் கணக்கில் பார்த்தால் ஒரு கிழவி தன் வீட்டிலிருந்து கோயிலுக்கு நடக்கிற தூரம்தான் ஓடியிருக்கும் வண்டி. உள்ளே பினாங்கு போய்த் திரும்பியது போல் தேய்ந்திருந்தது.

இதைக் கங்காணியிடம் சொல்ல வேண்டும் என்று இரண்டு வருஷம் நினைத்தேன். வாக்கியத்தைக் கூடத் தயார் செய்து வைத்திருந்தேன். ஒரு தீபாவளி அன்று அவர் நல்ல மனநிலையில் இருந்தபோது ஆரம்பித்தேன்.

"ஐயா, வண்டி சும்மா நின்னுக்கிட்டே ஓடுறது..."

"ஆமா?"

"அதுக்கு... நல்லதில்லீங்க."

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "மாடு வேலை செஞ்சிட்டு நின்னுக்கிட்டு அசை போடுது. கெட்டா போகுது? நின்னு ஓடுறதுதான்டா மோட்டாருக்கு ஓய்வு. சக்கரம் சுத்தினாத்தான் தேய்மானம்."

நான் தயார் செய்து வைத்திருந்தது அந்த ஒரு வாக்கியம்தான். அத்தோடு விட்டுவிட்டேன்.

இப்படி இருக்கும்போது கங்காணியின் மகளுக்கு மாப்பிள்ளை பார்த்தார்கள். பையன் டவுனில் ஓர் ஆபீஸில் கிராணி. அவனுடைய தகப்பனார் பத்து பெரண்டாம் என்ற ஊர்ப் பக்கத்தில் ஒரு தோட்டத்தின் ரப்பர் ஸ்டோரில் இஞ்சின்காரர். பால் ஷீட் பிழிகிற உருளைகளையெல்லாம் சுற்றவைக்கும் பெரிய இஞ்சின் இருபது வருஷமாக அவர் பொறுப்பு. அந்த இரைச்சலில் காது போய்விட்டது என்பார்கள். பாதிதான் போயிருந்தது. மனிதர்கள் பேசுவது அவருக்கு அரைகுறையாகக் கேட்கும். இஞ்சின் பேசுவது ஒன்று விடாமல் கேட்கும். இது எங்களுக்குத் தெரியாது.

பேசி முடிக்கக் கங்காணியும் அவர் மனைவியும் தாம்பூலத் தட்டோடு புறப்பட்டார்கள். வழியில் அந்த அம்மாள் பின்னாலிருந்து என் தோளைத் தட்டினார்.

"ஏப்பா, நல்ல காரியம் பேசப் போறோம். பேசி முடிக்கிற மட்டும் மோட்டாரு அணையக் கூடாது. நடுவுல அணைஞ்சா ஏத்தின வெளக்கு அணைஞ்ச மாதிரி. அப்புறம் அந்த வீட்டுல நான் பொண்ணு குடுக்க மாட்டேன்."

"கேட்டுக்கிட்டியா?" என்றார் கங்காணி. "அணைஞ்சுது, நீ நாளைக்குப் பெரட்டுல."

நான் ரோட்டைப் பார்த்துத் தலையை ஆட்டினேன். இத்தனை நாளும் மோட்டார் கௌரவத்துக்காக ஓடியது. இன்றைக்குச் சகுனத்துக்காக ஓட வேண்டியதாயிற்று. பிளக்குகளுக்கு வித்தியாசம் ஒன்றுமில்லை.

வீட்டு ஜன்னலுக்கு நேராக ஒரு ரம்புத்தான் மரத்தடியில் நிறுத்தினேன். மணி மூன்றரை. உள்ளே பேச்சு ஆரம்பித்தது. கல்யாணம் எந்தக் கோயிலில், யார் வீட்டு மேளம், மாப்பிள்ளை எத்தனை மணிக்கு வருவது. இரண்டு பக்கமும் விட்டுக்கொடுப்பதாக இல்லை. நாலரை ஆயிற்று. முதல் டின் தண்ணீர் தீர்ந்துவிட்டது. மோட்டார் இருமத் தொடங்கியது. மாப்பிள்ளையின் தகப்பனார் இரண்டு தடவை ஜன்னலுக்கு வந்து வண்டியைப் பார்த்துவிட்டுப் போனார்.

"எங்க தோட்டத்துக் கோயில்லதான் வைக்கணும்," என்று கங்காணி சொல்வது கேட்டது. "துரையே வருவாரு."

"மூணுதான்," என்றார் இஞ்சின்காரர்.

"என்னது மூணு?"

"உங்க வண்டிங்க. நாலு சிலிண்டர்ல மூணுதான் எரியுது. ஒண்ணு செத்துப் போச்சு."

"சம்பந்தி, கோயிலப் பத்திப் பேசுவோம்."

"பேசுங்க, பேசுங்க." ஜன்னலில் அவர் தலை மறுபடி தெரிந்தது. "இப்ப ரெண்டு."

இதற்கு மேல் அந்த மனிதரால் உட்கார முடியவில்லை. வெற்றிலையை அப்படியே கன்னத்தில் அடக்கிக்கொண்டு வெளியே வந்தார். தண்ணீர்ப்பெட்டி மூடியிலிருந்து ஆவி சீறிக்கொண்டிருந்தது. ஈரச் சாக்கைப் போர்த்தி நான் அதை மறைத்துக்கொண்டிருந்தேன்.

"நிறுத்துப்பா அத."

"நிறுத்தக் கூடாதுங்க."

"யாரு சொன்னது?"

நான் வீட்டைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். பிறகு, கத்துகிற குழந்தையைப் பார்த்துச் சும்மா இருக்க முடியாதவர் மாதிரி, உள்ளே கையை விட்டு ஸ்விட்சைத் தட்டிவிட்டார்.

அந்த நிசப்தத்தை நான் அதற்கு முன் கேட்டதே இல்லை. ரம்புத்தான் மரத்தில் ஒரு குருவி இருந்தது அப்போதுதான் தெரிந்தது. மறுகணம் உள்ளேயிருந்து, "ஐயோ, அணைஞ்சிருச்சே!" என்று கங்காணி மனைவியின் குரல். கங்காணி வாசலுக்கு வந்துவிட்டார். பின்னால் அந்த அம்மாள் கையில் தட்டு. தட்டைத் திருப்பி எடுத்துக்கொண்டே வந்திருந்தார். மாப்பிள்ளையின் தாயார் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"எப்பிடிடா நின்னுச்சு?"

இஞ்சின்காரர் முகத்தில் அப்போதுதான் விஷயம் உறைத்தது. கல்யாணம் பேச வந்தவர்களின் வண்டியைக் கேட்காமல் கை வைத்து அணைத்திருக்கிறார். வாயைத் திறந்தார். வெற்றிலை இருந்தது, மூடிக்கொண்டார்.

நான் யோசித்தேன். தானாக நின்றது என்றால் சகுனம் கெட்டது, சம்பந்தம் போயிற்று, என் வேலையும் போயிற்று. இவர் நிறுத்தினார் என்றால் அவமானம், சம்பந்தம் போயிற்று, வேலை மட்டும் மிஞ்சும். கங்காணி மகள் எப்போதாவது காரில் ஏறினால், "அண்ணே, குடிக்கத் தண்ணி வேணுமா?" என்று கேட்கிற பிள்ளை. அந்த வீட்டில் என் தொண்டையைப் பற்றி யோசித்த ஒரே ஆள்.

"நான்தாங்க நிறுத்தினேன்," என்றேன்.

"என்ன?"

"நான்தாங்க. இன்னும் ஓட்டினா உள்ள இரும்போட இரும்பு புடிச்சிக்கும். வீடு போய்ச் சேராது. அதனால நிறுத்திட்டேங்க."

என் குரல் எனக்கே வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. கங்காணி அம்மாள் தட்டை மார்போடு அணைத்துக்கொண்டு கேட்டார்: "தானா அணையலல்ல?"

"இல்லீங்க. கையாலதான்."

"அப்பாடா. தானா அணையல, இவன்தான் அணைச்சிருக்கான்!" என்று கணவரிடம் சொல்லிவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். விளக்கு தானாக அணைந்தால்தான் சகுனம். வேலைக்காரன் அணைத்தால் அது வெறும் திமிர்.

அந்தத் திமிருக்கு அங்கேயே தீர்ப்பாயிற்று. "நாளையிலேர்ந்து நீ வண்டியத் தொடக் கூடாது," என்றார் கங்காணி. இன்றைக்கே என்று சொல்லவில்லை. அவருக்கு ஓட்டத் தெரியாது, வீடு பன்னிரண்டு மைல் தூரம்.

சந்தோஷத்தில் அந்த அம்மாள் மேளத்தை விட்டுக்கொடுத்தார், குற்ற உணர்ச்சியில் இஞ்சின்காரர் கோயிலை விட்டுக்கொடுத்தார். பத்து நிமிஷத்தில் தட்டு மாற்றியாயிற்று. பிறகு இஞ்சின்காரர் வெளியே வந்து என்னோடு உட்கார்ந்து நான்கு பிளக்குகளையும் சுரண்டினார். என் முகத்தைப் பார்க்கவில்லை. "கரி நெறைய இருக்கு," என்று மட்டும் சொன்னார். நான் எல்லோரும் பார்க்கக் குனிந்து வண்டியைக் கிளப்பினேன். தோட்டத்துக்குத் திரும்பியதும், வீட்டு வாசலில் கங்காணி இறங்குவதற்கு முன்பே மோட்டாரை நிறுத்தினேன். அவர் இறங்கி உள்ளே போய்விட்டார். வேலை போனவனை இன்னொரு முறை என்ன செய்ய முடியும்?

மறுநாள் பெரட்டில் என் பெயர் கூப்பிட்டார்கள். இரண்டாவது தடவை கூப்பிட்ட பிறகுதான் குரல் வந்தது.

புது டிரைவர் கங்காணி மனைவியின் தூரத்துச் சொந்தம். நல்ல பிள்ளை, சொன்னதைச் செய்வான். பால் வெட்டிக்கொண்டே தூரத்தில் அந்த மோட்டாரைக் கேட்டுக்கொண்டிருப்பேன். ஒரு மாதம் இருமியது. பிறகு உள்ளேயிருந்து டொக் டொக்கென்று தட்டத் தொடங்கியது. அது எண்ணெய் செத்துப்போய் இரும்பு இரும்பை அடிக்கிற சத்தம். போய்ச் சொல்லலாமா என்று ஒரு மரத்தடியில் கொஞ்ச நேரம் நின்றேன். கேட்காதவர்களிடம் சொல்லும் பழக்கம் எனக்கு ஒரு தடவைதான் வந்தது, அதோடு போய்விட்டது. அடுத்த மரத்துக்குப் போனேன். கல்யாணத்துக்கு மூன்று நாள் முன்னால், வெட்டுக்காட்டு ஓரத்தில் ஓய்வெடுத்துக்கொண்டிருக்கும்போதே, ஒரு பெரிய சத்தத்தோடு அது நின்றுவிட்டது. அதற்குப் பிறகு கைப்பிடி ஒரு நூல்கூடத் திரும்பவில்லை.

மாப்பிள்ளை ஊர்வலம் காரில்தான் என்று எல்லோருக்கும் சொல்லியாயிற்று. ஆகவே காரிலேயே வந்தார் மாப்பிள்ளை. எட்டுப் பேர் தள்ளினோம். மோட்டார் சத்தம் இல்லாத குறை தெரியாமலிருக்கத் தவில்காரரை வண்டிக்குப் பக்கத்திலேயே நடக்கச் சொன்னார்கள். இஞ்சின்காரர் என் பக்கமாக வந்து, தானும் ஒரு கை கொடுத்துக்கொண்டு, "புடிச்சிக்கிச்சா?" என்றார். "ஆமாங்க," என்றேன். அவர் கண்ணில் தண்ணீர் வந்ததைப் பார்த்தேன். மகன் கல்யாணத்துக்கு வந்த கண்ணீர் இல்லை என்று எனக்குத் தெரியும்.

தாலி ஏறிய பிறகு, பந்தி முடிந்து, சம்பந்திகள் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். இஞ்சின்காரர் என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"சம்பந்தி, ஒண்ணு சொல்லணும். அன்னைக்கு வண்டிய நிறுத்தினது இந்தத் தம்பி இல்ல. நான். இனிமே சொன்னா தப்பில்லன்னு இப்பச் சொல்றேன்."

 கிழிந்த தோல் சீட்டு கண் முன்னால் வந்தது. கங்காணி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு வாய் நிறையச் சிரித்தார்.

"நீங்களா! அட, உங்க கை பட்டிருக்குதுன்னா அது வண்டிக்கே பாக்கியம்ங்க. சொல்லியிருந்தா நானே எறங்கி வந்து நிறுத்தியிருப்பேனே."

"அப்ப இந்தத் தம்பிய மறுபடி..."

"இவனா?" கங்காணியின் முகம் மாறியது. என்னைப் பார்த்துக் கேட்டார்: "ஏண்டா, நீ நிறுத்தாத வண்டிய நான்தான் நிறுத்தினேன்னு என் மொகத்தப் பாத்துப் பொய் சொன்னியா?"

"ஆமாங்க."

"கேட்டீங்களா சம்பந்தி? பொய் சொல்றவன நம்பி எப்படி வண்டியக் குடுக்கறது?"

பந்தலில் இருந்த பெரியவர்கள் அது சரிதான் என்று தலையாட்டினார்கள். ஓடாத வண்டிக்கு டிரைவர் எதற்கு என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. இஞ்சின்காரருக்கு அந்தப் பேச்சு பாதிதான் கேட்டிருக்கும். காரியம் முடிந்தது என்று நினைத்து என் முதுகைத் தட்டிக்கொடுத்தார்.

அடுத்த மாதம் தோட்டத்தை விட்டு வெளியேறி, கோலா சுங்கை பாரு என்ற கடலோர ஊரிலிருந்து டவுனுக்குக் கருவாடு ஏற்றும் ஒரு சீனத் தவுக்கேயின், அதாவது முதலாளியின், லாரியில் சேர்ந்தேன். என்ன தெரியும் என்று அவர் கேட்டார். ஓட்டத் தெரியும், நிறுத்தவும் தெரியும் என்றேன். இரண்டாவது விஷயத்தில் அவர் என்னை மிஞ்சியவர். ரோடு கொஞ்சம் இறங்கினால் போதும், பெட்ரோலை மிச்சம் பிடிக்க, பக்கத்தில் உட்கார்ந்தபடி கையை நீட்டி அவரே மோட்டாரை அணைத்துவிடுவார். மேடு வரும்போது நான் இறங்கி, வண்டிக்கு முன்னால் போய்க் குனிவேன்.